தோட்டத்து ரயிலுக்கு முதலில் ரசமட்டம், பிறகுதான் எஞ்சின்

தோட்டத்தில் சின்ன மாதிரி நீராவி ரயில் விட நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, எஞ்சினை முதலில் வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். வடக்கு இங்கிலாந்தில் சின்னப் பின்தோட்டம். அதில் ஓரடித் தண்டவாளம்கூடக் கிடையாது. அதற்குள் நிஜத் தண்ணீரும் நிஜ நெருப்பும் வைத்து ஓடுகிற எஞ்சின் ஒன்று சாப்பாட்டு மேசை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அது ஓடியாக வேண்டுமே என்ற அவசரத்தில் பாதை போட்டேன். அப்படிப் போட்டதை இரண்டே வருடத்தில் பிடுங்கி எறிந்தேன்.

கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலம், அந்த விஷயத்தில் சறுக்குகிறவர்களும் உண்டு. தோட்ட ரயிலில் பெரும்பாலும் இரண்டு அகலங்கள்தான்: 32 மி.மீ., 45 மி.மீ. இரண்டடி அகலப் பாதையில் ஓடும் டார்ஜிலிங் ரயிலை 19-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 32-இல் உட்காரும். மீட்டர் கேஜில் ஓடும் நம் ஊட்டி ரயிலை 22.5-இல் ஒரு பங்காக்கினால் 45-இல் உட்காரும். உங்கள் மனதில் எந்த ரயில் ஓடுகிறதோ அதற்கேற்ற கேஜை எடுங்கள். பக்கத்து ஊரில் பாதை வைத்திருக்கும் நண்பரிடம் இருப்பதையே எடுத்தால் இன்னும் நல்லது. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊட்டி ரயில்தான் என்னைக் கவிழ்த்தது. மலையேறும் பாதை வேண்டும் என்று ஆசைப்பட்டு, தோட்டத்தின் ஒரு மூலையில் மண்ணைக் குவித்து மேடாக்கினேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12.28 அடிக்கு ஓரடி ஏறுகிற அந்த ரயில், தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

மின்சார பொம்மை ரயிலில் ஏற்றம் வந்தால் குமிழைக் கொஞ்சம் திருகுகிறோம், இறக்கத்தில் குறைக்கிறோம். நீராவியில் அப்படி இல்லை. ரேடியோ கண்ட்ரோல் பொருத்தாத எஞ்சினில், சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திறந்து கையை எடுத்துவிட்டால் பிறகு அது பாடு, பாதை பாடு. ஏற்றத்துக்குத் தகுந்தபடி திறந்தால் இறக்கத்தில் தறிகெட்டு ஓடும்; இறக்கத்துக்குத் தகுந்தபடி திறந்தால் ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்றுவிடும். என் எஞ்சின் மூன்றாவது சுற்றில் மேட்டிலிருந்து இறங்கி, வளைவில் கவிழ்ந்து, கொதிக்கும் எண்ணெயைப் பூச்செடி மேல் கொட்டியது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் இருந்தாலே கையால் ஓட்டும் எஞ்சினுக்கு அதிகம். அறவே இல்லாமல் இருப்பதுதான் நல்லது.

மட்டமாகப் போட்டாயிற்று என்று நினைப்பது அடுத்த தவறு. ஓரடி ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினால் ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகும். பத்து மீட்டர் போவதற்குள் அந்த மயிரிழைகள் சேர்ந்து இரண்டு விரல்கடையாகிவிடும். அந்த வருடம் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவர். என் ரசமட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதை வச்சு அலமாரி மாட்டலாம் மாப்பிள்ளை, ரயில் விட முடியாது. ஒரு டியூப் வாங்கிட்டு வாங்க." கண்ணாடி போலத் தெரியும் ரப்பர் குழாய், அதில் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு முனையை முதல் கட்டையில் பிடித்தார், மறுமுனையை எதிர்க்கோடியில் நான் பிடித்தேன். தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்று முதலில் குழாயைச் சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றினார். அன்று தெரிந்தது, நான் சமம் என்று நம்பிய பாதையின் இரு கோடிகளுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

வளைவும் ஏற்றம் மாதிரிதான். சிறிய எஞ்சின்கள் பல 60, 75 செ.மீ. ஆரத்தில்கூடத் திரும்பும் என்று அட்டையில் போட்டிருக்கும். திரும்பும்தான், ஆனால் சக்கரங்கள் தண்டவாளத்தோடு உரசி வண்டி தளர்ந்துவிடும், நேர்ப்பாதைக்கு வந்ததும் பாயும். நாலடி ஆரமாவது வையுங்கள், இடம் இருந்தால் ஆறடி. முதல் பாதையில் பாயின்ட் (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் இணைப்பு) ஒன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒரு முழுச்சுற்று போதும். எஞ்சினைத் தயார்செய்ய மட்டும் ஓரமாக ஒரு பக்கத்தடம் இருக்கட்டும்.

இடுப்பளவு உயரத்தில் பாதை போட்டால் குனியாமல் பற்றவைக்கலாம், இலைதழையும் நத்தையும் தொல்லை தராது. தரையில் போடுவது பார்க்க அழகு. ஐம்பது வயதுக்கு மேல் முதுகு ஒத்துக்கொள்ளாது.

வெயிலை மறக்காதீர்கள். இங்கிலாந்தில் என்ன வெயில் என்று தோன்றும். ஆனால் பனிக்காலக் காலையில் சுழியத்தில் இருக்கும் பித்தளைத் தண்டவாளம் ஜூலை மதியத்தில் 40 டிகிரியைத் தொடும். பத்து மீட்டர் பித்தளை அந்த வித்தியாசத்தில் ஏழு மி.மீட்டருக்கு மேல் நீளும். கீழே இருக்கும் மரப்பலகை நீளாது. இணைப்புகளில் இடைவெளி விடாமல் நெருக்கி, ஸ்லீப்பர்களை இறுக்கமாகத் திருகிவிட்டால் பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிடும். ஒரு மீட்டர்த் துண்டுகளானால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மி.மீ. விட்டால் சரி. வெயிலில் போடும்போது அதற்கும் குறைவாக விடலாம்.

இனி பாய்லர். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உங்கள் கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு பாய்லருக்குள்ளும் படியும், அங்கே சுரண்ட முடியாது. வடிகட்டிய மழைத்தண்ணீரோ வாலை வடித்த நீரோ போதும். கார் பேட்டரிக்கு ஊற்றும் அயனி நீக்கிய நீர் பித்தளையை அரிக்கும் என்பதால் சில தயாரிப்பாளர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். விளிம்பு வரை நிரப்பி அப்படியே பற்றவைப்பதும் தவறு. நிரப்பிய பிறகு சிரிஞ்சால் 30 மில்லி அளவு உறிஞ்சி எடுக்க வேண்டும். நீராவிக்கு இடமில்லாவிட்டால் சிலிண்டருக்குப் போவது வெந்நீர்தான். அதைப் புகைபோக்கி உங்கள் முகத்தில் துப்பும். இடம் விட்டிருந்தாலும் எஞ்சின் சூடாகும் வரை கொஞ்சம் துப்பத்தான் செய்யும். மேலே குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

எண்ணெயில் சிக்கனம் பிடிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. தையல் மெஷின் எண்ணெயும் கார் எஞ்சின் ஆயிலும் சிலிண்டருக்கு ஆகாது. 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீராவியின் சூடு 140 டிகிரி. அந்த ஈரச்சூட்டில் உலோகத்தோடு ஒட்டிநிற்பது 460 தரமுள்ள கெட்டியான ஸ்டீம் ஆயில்தான். சிலிண்டருக்கு எண்ணெய் கொடுக்கும் சின்னக் குப்பியான லூப்ரிகேட்டரின் வேலை எளிது: நீராவி உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும், எண்ணெய் மேலெழும்பி நீராவியோடு சிலிண்டருக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். பாய்லரில் அழுத்தம் இருக்கும்போது லூப்ரிகேட்டரின் மூடியைத் திறந்துவிடாதீர்கள். என் இடது மணிக்கட்டில் அதற்கான அடையாளம் இருக்கிறது.

பலரும் பயப்படுவது பாய்லரைச் சூடாக்கும் கேஸுக்குத்தான், அதில் நியாயமும் உண்டு. எஞ்சினின் டாங்கியை நிரப்பும்போது பியூட்டேன் கேஸ் கொஞ்சம் வெளியே சீறத்தான் செய்யும். காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். பக்கத்தில் நண்பரின் எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போது நிரப்பக் கூடாது. பற்றவைக்கும்போது லைட்டரைப் புகைபோக்கி வாயில் பிடித்துக்கொண்டு கேஸை மெல்ல, மிக மெல்லத் திறக்க வேண்டும். 'டப்' என்ற சத்தத்தோடு சுடர் பின்னால் ஓடி பாய்லர் குழாய்க்குள் குடியேறும். அதிகமாகத் திறந்தால் சுடர் முன்னாலேயே நின்று எரிந்து பெயின்டைக் கருக்கிவிடும். ஸ்பிரிட்டில் எரியும் எஞ்சினானால் இன்னொரு எச்சரிக்கை: பட்டப்பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது.

பழைய எஞ்சின் மலிவாகக் கிடைத்தால் பளபளப்பைப் பார்க்காமல் பாய்லர் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். குளிர்ந்த தண்ணீரை முழுக்க நிரப்பி, புது பாய்லரானால் ஓட்டும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு கொடுத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் சுருங்காதது, அதனால் பாய்லர் பலவீனமாக இருந்தால் வெடிக்காமல் வெறுமனே கசியும்.

எல்லாம் சரியாக அமைந்தால் தண்ணீர் தீரும் முன் கேஸ் தீரும். அப்படித்தான் பெரும்பாலான எஞ்சின்களை வடிவமைக்கிறார்கள். இருபது, முப்பது நிமிடம் ஓடி, தளர்ந்து, தானாக நிற்கும். நிற்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். பாதை மட்டமானால் கோடுகள் சுற்றிலும் சிதறிக் கிடக்கும். வாட்டம் இருந்தால் ஒரே இடத்தில் குவியும். என் தோட்டத்தில் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் இப்போது நான்கு கோடுகள் இருக்கின்றன. டியூபைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.