உயர்தரம் முடித்த மலையகப் பிள்ளை பல்கலைக்கழகம் போவது எப்படி: விண்ணப்பம், செலவு, முதல் மாதங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "பாஸ் பண்ணிட்டா, ஆனா கெம்பஸ் படிக்க வைக்க நம்மகிட்ட எங்க காசு?" இந்தப் பேச்சைக் கேட்டே வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகள், கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் கிடையாது. தங்க, சாப்பிட, போய்வரத்தான் செலவு, அதற்கும் உதவிப்பணம் இருக்கிறது. உண்மையில் நம் பிள்ளைகளைத் தடுப்பவை, நேரத்துக்குக் கையில் இல்லாத பத்திரங்களும் உதவிப்பணம் வந்து சேரும்வரை தள்ள வேண்டிய முதல் சில மாதங்களும்தான். இரண்டுக்கும் முன்கூட்டியே வழி செய்யலாம்.

உதாரணத்துக்கு பதுளையில், பசறை வீதியில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். 2005இல் தொடங்கிய சின்னப் பல்கலைக்கழகம், நம் மலைகளுக்குள்ளேயே இருப்பது. ஆனால் விண்ணப்பிக்கும் முறை பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இதேதான், எல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகத்தான் நடக்கும்.

1. பெறுபேறு வரும் முன்னே பத்திரங்களைச் சேருங்கள்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ். இவற்றை ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் அப்பா பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தோட்டத்தில் இது பெரிய பிரச்சினை. பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் எழுதியவர் அப்பாவின் பெயரைத் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், பாடசாலையில் முதலெழுத்து மாறியிருக்கும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாக இருக்கும். சின்ன வித்தியாசத்துக்குச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பரீட்சை எழுதிய நாளிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் இந்த வேலைக்குக் காலம் தாராளமாக இருக்கிறது, கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

கிராம சேவகர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். சும்மா போய்த் திரும்பினால் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் வேலையும் அதன் சம்பளமும், போய்விடும்.

2. தகுதி என்றால் என்ன

ஒரே தடவையில் எழுதிய மூன்று பாடத்திலும் குறைந்தது சாதாரண சித்தி, அதாவது எஸ், வேண்டும். அதோடு உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சோதனையான கொமன் ஜெனரல் டெஸ்டில் குறைந்தது 30 புள்ளி. இந்தச் சோதனைக்கு யாரும் படிப்பதில்லை, ஆனால் இதில் தவறினால் மூன்று ஏ இருந்தாலும் பயன் கிடையாது. தம்பி தங்கச்சி யாராவது இனித்தான் எழுதப்போகிறார்கள் என்றால் பழைய வினாத்தாளைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள்.

இது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தான். இடம் கிடைப்பது இசட் ஸ்கோரைப் பொறுத்தது. ஒரு பாடத்தில் நாடு முழுக்க எழுதியவர்களின் சராசரியைவிட நீங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்று கணக்கிட்டு, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பார்கள். அதனால்தான் ஒரே பெறுபேறு எடுத்த இரண்டு பேருக்கு இரண்டு விதமான ஸ்கோர் வருகிறது.

3. உங்கள் மாவட்டம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கலைப் பிரிவுப் பாடநெறிகளுக்கு அகில இலங்கைத் தகுதி வரிசைதான் பார்க்கிறார்கள். மற்றப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை.

தலவாக்கலையில் வீடு, உயர்தரம் படித்தது கண்டியில் என்றால் எந்த மாவட்டம் என்ற கேள்வி வரும். பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எங்கே படித்தீர்கள் என்பதற்குத்தான் அதிகப் பெறுமதி, அதற்கான விதி ஆணைக்குழு வெளியிடும் விண்ணப்பக் கைந்நூலில் தெளிவாக எழுதியிருக்கிறது, அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள். தெரிந்தவர் ஒரு கடிதம் எழுதித் தருவார், மாவட்டத்தை மாற்றிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் முழு விண்ணப்பமும் போய்விடும்.

4. விண்ணப்பம்: இங்கேதான் கவனம் வேண்டும்

பெறுபேறு வெளியான பிறகு ஆணைக்குழு அந்த வருடத்துக்கான கைந்நூலை வெளியிடும், தமிழிலும் வரும். பழைய வருடக் கைந்நூலை வைத்து நிரப்பக் கூடாது, பாடநெறிகளும் அவற்றின் இலக்கமும் மாறும்.

விண்ணப்பம் இணையத்தில். டவுனில் இருக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போய் நிரப்புவதுதான் நம் பக்கத்து வழக்கம், அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரர் அவசரத்துக்குத் தன்னுடைய ஈமெயிலையும் போன் நம்பரையும் போட்டுவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆணைக்குழு அனுப்பும் அறிவித்தல் பிறகு அவருக்குத்தான் போகும். உங்கள் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து, பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி, நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நம்பரும் மாற்றப்போகாத நம்பராக இருக்கட்டும்.

அடுத்தது விருப்ப வரிசை. ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு இலக்கம் உண்டு, அதை நீங்கள் விரும்பும் ஒழுங்கில் அடுக்க வேண்டும். இதை நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். போன வருட வெட்டுப்புள்ளியை, அதாவது அந்தப் பாடநெறிக்குக் கடைசியாக இடம் கிடைத்தவரின் ஸ்கோரைப் பார்த்து, "இது எனக்குக் கிடைக்காது, கீழே போடுவோம், கிடைக்கிறதை மேலே போடுவோம்" என்று அடுக்குகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் ஸ்கோர் எட்டும் முதல் இடத்தில் நிற்கும், அதற்குக் கீழே எழுதிய எதையும் பார்க்காது. ஆகவே மேலே ஆசைப்படுவதைப் போடுவதால் கீழே இருப்பது கைநழுவாது, ஆனால் ஆசைப்படாததை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும், பிறகு அழுது பயனில்லை. வெட்டுப்புள்ளியோ வருடத்துக்கு வருடம் மாறும், அது அந்த வருடம் விண்ணப்பித்தவர்களால் உண்டாகும் கணக்கு. அதைப் பார்த்துப் பட்டியலை நீளமாக்குங்கள், ஒழுங்கைக் குழப்பாதீர்கள்.

இன்னொன்று, ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்க வழி கிட்டத்தட்ட மூடிவிடும். போகவே மாட்டேன் என்று தெரிந்த ஒன்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதைப் பல்கலைக்கழகம் தனியாக விளம்பரப்படுத்தும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதில் சித்தியடையாமல் அந்த இலக்கத்தைப் பட்டியலில் போடுவது வீண்.

சின்னப் பல்கலைக்கழகம் என்று ஊவா வெல்லஸ்ஸவைக் கீழே தள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். உயிரியல் பிரிவில் படித்தவர்களுக்கு அங்கே தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்றே ஒரு பட்டம் இருக்கிறது. நாலைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த சனத்தின் பிள்ளைகள் அந்தத் தொழிலின் மறுபக்கத்தில், ஃபெக்டரியிலும் ஆய்வுகூடத்திலும், உத்தியோகத்தராக நிற்க அது ஒரு வழி. வகுப்பும் சின்னது, விரிவுரையாளருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் பட்டங்கள் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பக்கம்தான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

5. கடிதம் வரும் வழி

லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்டத்து ஒஃபீசுக்கு வந்து, மேசையில் ஒரு கட்டோடு கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போகிறவர் கையில் வந்து சேரும். பதிவு செய்யக் கொடுக்கும் நாட்களோ கொஞ்சம். அதனால் கடிதத்தை நம்பாமல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தை அடிக்கடி பாருங்கள், நீங்கள் கொழும்பில் வேலைக்கு நின்றாலும் பாருங்கள். முடிந்தால் டவுனில் நம்பிக்கையான ஒரு உறவினரின் விலாசத்தைத் தபால் விலாசமாகக் கொடுங்கள். முதல் சுற்றில் பெயர் இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள், காலியாகும் இடங்களுக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களைக் கூப்பிடுவார்கள்.

6. செலவுக் கணக்கு

மஹாபொல புலமைப்பரிசிலை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். மஹாபொல கிடைக்காதவர்களுக்கு பர்சரி என்ற உதவிப்பணம் உண்டு, அது 4,000இலிருந்து 6,500 ஆனது. இரண்டையும் ஒருவருக்கே தரமாட்டார்கள். அந்த 7,500ஐ நாளாகப் பிரித்தால் 250 ரூபா. அதில் மூன்று வேளைச் சாப்பாடு முழுதாக அடங்காது, வீட்டிலிருந்து கொஞ்சம் வர வேண்டியிருக்கும். அதோடு வருடத்துக்குப் பத்துத் தவணைதான், பன்னிரண்டு மாதமும் வராது.

கவலைப்பட வேண்டியது முதல் மாதங்களைப் பற்றித்தான். நீங்கள் சேர்ந்த அன்றே அந்தப் பணம் வராது. தெரிவு, வங்கிக் கணக்கு, பத்திரச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து கைக்கு வர மாதங்கள் ஆகலாம், வரும்போது நிலுவையும் சேர்ந்து வரும். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் "நான் வீட்டுக்கே வாறேன்" என்று அம்மாவுக்குப் போன் எடுக்கிறார்கள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளம் இருந்தபோது மாதம் 25 பேர் விழுந்தால்கூட 33,750தான் வந்தது, அதிலும் சேமலாப நிதியும் அட்வான்சும் கழிந்தது. தோட்டச் சம்பளத்திலிருந்து திடீரென்று எடுக்க முடியாது. ஆகவே பெறுபேறு வந்த மாதமே வீட்டில் ஒரு சீட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், பரீட்சைக்குப் பிறகு வேலைக்குப் போயிருந்தால் நீங்களே பிடியுங்கள். நாலு மாதச் சாப்பாடு, போக்குவரத்து, அறை என்றால் அதன் அட்வான்ஸ், மருத்துவப் பரிசோதனை, பதிவுக் கட்டணம், இவ்வளவையும் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வரும் தொகை பயப்பட வைக்கும் தொகையாக இருக்காது. நகையை அடகு வைக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

முதல் வருடத்தில் விடுதிக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். வெளியறை வாடகையோடு பார்த்தால் விடுதிக் கட்டணம் மிகக் குறைவு. தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள் என்பதால் கிராம சேவகர் உறுதிப்படுத்திய, பிரதேச செயலகத்தில் கையொப்பம் வாங்கிய வருமானச் சான்றிதழும் அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும். அதே பத்திரங்கள் பர்சரிக்கும் வேண்டும். ஹாலிஎலயிலோ பசறையிலோ வீடு என்றால் இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் சீசன் எடுத்து வீட்டிலிருந்தே போய்வரலாம், எல்லாவற்றிலும் மலிவு அதுதான்.

இந்திய உயர்ஸ்தானிகராலயம் நடத்தும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி நிதியம் பல்கலைக்கழக மாணவருக்கும் உதவிப்பணம் தருகிறது. விண்ணப்பம் கோரும் காலத்தில் கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள், நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லெப்டொப் கடனுக்கு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முதல் மாதங்களுக்கு நூலகமும் கணினி ஆய்வுகூடமும் போதும், என்ன தேவை என்பது போன பிறகுதான் தெரியும்.

7. போன பிறகு

ஊவா வெல்லஸ்ஸவில் படிப்பு ஆங்கில மூலம். தமிழ் மூலம் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கஷ்டம்தான், சிங்கள மூலம் படித்த பிள்ளைக்கும் அதே கஷ்டம்தான், எனவே நீங்கள் மட்டும் பின்தங்கியவர் என்று நினைத்துப் பின் வாங்கில் ஒதுங்காதீர்கள். காத்திருக்கும் மாதங்களில் உங்கள் பாடத்தின் சொற்களை மட்டுமாவது ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு போங்கள், இரசாயனம் படித்தவர் இரசாயனச் சொற்களை. கடைக்கும் அறைக்கும் பேச்சுச் சிங்களம் வேண்டும், அது பழகப் பழக வந்துவிடும். விரிவுரைக்கு வராமல் இருந்தால் மஹாபொல நிறுத்தப்படும், 80 வீத வரவு கேட்பார்கள், ஆகவே தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வீட்டுக்குப் போகும் நாட்களை எண்ணிப் போங்கள்.

பகிடிவதையைப் பற்றி அம்மாமார் பயப்படுவது நியாயம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. யாராவது "சீனியர் சொன்னால் செய்யத்தான் வேணும்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்திலும் போனிலும் முறையிடலாம், பீடத்தில் மாணவ ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடமும் சொல்லலாம். முதல் வாரமே அந்த ஆலோசகர் யார், அவருடைய அறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டு, அவர் நம்பரை வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.