கொழும்பின் நீதிமன்ற வட்டாரமான புதுக்கடையில் தொழில் தொடங்கும் இளம் சட்டத்தரணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஒரே நாளில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட இரண்டு சட்டத்தரணிகளைப் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால், ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தம் பெயரிலேயே வழக்கு நடத்திக்கொண்டிருப்பார். மற்றவர் யாரோ ஒரு சீனியருக்காக மறுதவணை கேட்பதற்கு இன்னமும் எழுந்து நின்றுகொண்டிருப்பார். இந்த இடைவெளியைத் திறமையின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நமது தொழிலில் ஆழமாக வேரோடியிருக்கிறது. ஆனால் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் யாருக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டது என்பதே பெரும்பாலும் பிற்காலத்தில் திறமையென்று பெயர் பெறுகிறது. அந்த வேலைப் பங்கீட்டைக் குடும்பப் பெயரும், படித்த பாடசாலையும், பேசும் மொழியும், ஆணா பெண்ணா என்பதும் சத்தமில்லாமல் தீர்மானிக்கின்றன. தமிழ்மொழி மூலம் படித்து வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ தலைநகருக்கு வரும் இளம் சட்டத்தரணி இந்தச் சமமின்மையை உண்டாக்கியவர் அல்லர். எனினும் அதை இறுகச் செய்துவிடும் தவறுகள் சில உண்டு. அவற்றுள் சில இளையோருடையவை, சில மூத்தோருடையவை.

எல்லோரும் ‘சட்டத்தரணி’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுவதால் எல்லோரும் ஒரே ஏணியில் ஏறுகிறோம் என்று எண்ணுவதே முதல் தவறு. நீதிமன்றத்தில் வாதாடும் அப்புக்காத்து, ஆவணங்களைத் தயாரித்து வழக்கைக் கவனிக்கும் பிரக்கிராசி என்று இரண்டாகப் பிரிந்திருந்த தொழிலை 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் ஒன்றாக்கியது. 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளே. பட்டியல் ஒன்றானதே தவிர, வேலை ஒன்றாகவில்லை. இன்றும் ஒருவர் கட்சிக்காரரிடம் அவர் சார்பில் செயற்படுவதற்கான அதிகாரப் பத்திரமாகிய புரொக்ஸி வாங்கி, மனுத் தயாரித்து, நீதிமன்றத்திடம் உத்தரவு கோரும் நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்து, வழக்கேட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். இன்னொருவர் அந்தக் கோப்பை வாங்கி நீதிபதியின் முன் வாதாடுகிறார். இரண்டும் மதிப்புள்ள வேலைகள். முன்னதைச் செம்மையாகச் செய்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் பலர். பிரச்சினை, ஒருவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவருடைய தெரிவாக இல்லாமல், எந்தச் சேம்பரில் (மூத்த சட்டத்தரணியின் அலுவலகத்தில்) முதலில் இடம் கிடைத்தது என்பதால் தீர்ந்துவிடுவதிலேதான் இருக்கிறது. தந்தையோ மாமனோ இதே தொழிலில் இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பிரிவு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். வெளியூரிலிருந்து வருபவருக்கு அது தெரியவரும்போது நான்கைந்து ஆண்டுகள் போயிருக்கும். ஆகவே எந்த வகை வேலையில் வளர விரும்புகிறோம் என்பதை ஆறு மாதப் பயிலுநர் காலம் முடிவதற்குள்ளேயே தீர்மானித்து, அதற்குரிய சேம்பரைத் தேடுவது அவசியம்.

மொழி பற்றிய தவறுகளே எண்ணிக்கையிலும் விளைவிலும் பெரியவை. ஆங்கிலம் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பி, இளையோர் பலர் தம் நேரத்தையும் பணத்தையும் ஆங்கில வகுப்புகளிலேயே செலவிடுகின்றனர். உயர் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வாதங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் இந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்காக 2020 இறுதியில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. தமிழிலும் சிங்களத்திலும் பரீட்சை எழுதும் உரிமை அதனால் காப்பாற்றப்பட்டது. அது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன். ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் கிடைத்த அந்தச் சமத்துவம் நீதிமன்றப் படிக்கட்டோடு நின்றுவிடுகிறது. அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையின்படி, வடக்குக் கிழக்குக்கு வெளியே உள்ள நீதிமன்றங்களின் பதிவேடுகளும் நடவடிக்கைகளும் பொதுவாகச் சிங்களத்தில் அமைகின்றன. கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் பொலிசார் விசாரணை விவரங்களை அறிவித்துத் தாக்கல் செய்யும் ‘பீ’ அறிக்கையும், சாட்சியின் வாக்குமூலமும், மாவட்ட நீதிமன்ற வழக்கேட்டில் எழுதப்படும் நாளாந்தக் குறிப்பும் சிங்களத்திலேயே இருக்கும். அவற்றைத் தாமே வாசிக்க முடியாத சட்டத்தரணி, எவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசினாலும், தம் வழக்கை இன்னொருவர் வாய் வழியாகத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கும். பேச்சுச் சிங்களம் போதாது. கையெழுத்தில் உள்ள வழக்கேட்டைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கும் அளவுக்கு எழுத்துச் சிங்களம் வேண்டும். இதற்கென ஒதுக்கும் ஓர் ஆண்டு வீண்போகாது.

இதற்கு நேரெதிரான தவறு, தமிழை ஒரு குறைபோல மறைத்துக்கொள்வது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால் மனிதரின் வாழ்க்கையே தவறிப்போகும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. சிங்களம் அறியாத அந்தத் தமிழருக்கு எதிராகச் சிங்களத்தில் தட்டச்சிடப்பட்டுக் கைநாட்டு வைக்கப்பட்டிருந்த வாக்குமூலத்தின் மீது 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் கருத்துத் தெரிவித்தது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதன் அடிப்படையில் தீர்ப்பை மாற்ற மறுத்தது. இத்தகைய ஆவணம் ஒன்றைக் கையில் எடுத்து, கட்சிக்காரர் தமிழில் என்ன சொன்னார், சிங்களத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று வரிக்குவரி ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவர் இரு மொழியும் அறிந்த சட்டத்தரணி மட்டுமே. நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பு வழங்கப்பட வேண்டும் என்று அதே 24 ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறாமல், தவணையைச் சீக்கிரம் முடித்துக்கொள்வதற்காகத் தாமே நின்று மொழிபெயர்த்துவிடுவதும் தவறுதான்.

அந்தப் பழக்கத்துக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. மாலையில் சீனியரின் சேம்பரில் கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ வந்த கட்சிக்காரர் அமர்ந்திருப்பார். அவர் தமிழில் சொல்வதை ஜூனியர் சீனியருக்குச் சொல்வார். சீனியர் கேட்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வார். வழக்கின் நுணுக்கங்கள் எல்லாம் அந்த ஜூனியருக்கே தெரியும். கட்சிக்காரர் இரவில் தொலைபேசியில் அழைப்பதும் அவரைத்தான். குறுக்கு விசாரணை நாள் வரும்போது கோப்பு வேறு ஒரு ஜூனியரின் கைக்குப் போகும், ஏனென்றால் இவர் ‘தமிழ் ஆட்களைப் பார்த்துக்கொள்பவர்’ என்று முன்பே முத்திரை குத்தப்பட்டுவிட்டார். இது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. வசதியால் நடக்கிறது, அதனாலேயே யாரும் கேள்வி கேட்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. மொழிபெயர்த்துக் கொடுத்த வழக்கில் ஒரு சாட்சியையாவது தாம் விசாரிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. “சேர், இந்த வழக்கில் இரண்டாம் சாட்சியை நான் எடுக்கட்டுமா? கேள்விகளை எழுதிக் காட்டுகிறேன்” என்று எழுத்தில் தயாரித்துக்கொண்டு போய்க் கேட்பவரைத் தட்டிக்கழிப்பது எந்தச் சீனியருக்கும் கடினம்.

பெயர் பதிவாவதைப் பொருட்படுத்தாமல் விடுவது இதையொட்டிய தவறு. மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்பொன்றைத் திறந்தால், யார் யாருக்காகத் தோன்றினார்கள் என்பது தொடக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்: முதலில் ஜனாதிபதி சட்டத்தரணி என்ற உயர் தகுதி பெற்றவரின் பெயர், அவருடன் இன்னார், இன்னார். அந்த வரியில் கடைசியாக வரும் பெயர்கூட ஒரு சான்றிதழ்தான். எழுத்துமூல சமர்ப்பணம் முழுவதையும் எழுதிக் கொடுத்தவரின் பெயர் அதில் இல்லாமல் போவதும், விசாரணை நாளன்று அருகில் வந்து உட்கார்ந்தவரின் பெயர் ஏறிவிடுவதும் நடக்கக்கூடியவை. வழக்கு அழைக்கப்படும்போது தம் பெயரையும் சேர்த்துச் சொல்லுமாறு முன்கூட்டியே கேட்பது அநாகரிகம் என்று நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். இந்தக் கூச்சத்தை வீட்டில் நல்ல வளர்ப்பு என்போம். இந்தத் தொழிலில் அது ஆளையே இல்லாமல் ஆக்கிவிடும்.

பணம் பற்றிப் பேசாமல் விடுவதும் இப்படிப்பட்டதே. பயிலுநர் காலத்திலும் அதன் பிறகான முதல் ஆண்டுகளிலும் பல சேம்பர்களில் போக்குவரத்துச் செலவுக்குக் காணாத தொகையே கிடைக்கிறது; சிலவற்றில் அதுவும் இல்லை. பம்பலப்பிட்டியில் சொந்த வீடு உள்ளவர் இதைப் பொறுத்துக்கொள்வார். வாடகை அறையில் தங்கி, ஊரில் தங்கையின் படிப்புக்கும் அனுப்ப வேண்டியவரால் முடியாது. பொறுமையாக இருந்தால் முன்னுக்கு வரலாம் என்ற அறிவுரை இருவருக்கும் ஒரே மாதிரிச் சொல்லப்படுகிறது. ஒருவருக்கு மட்டுமே அது நடைமுறைச் சாத்தியம். சேரும் முன்பே மாதம் என்ன கிடைக்கும், சொந்தமாக வழக்கு எடுக்கலாமா, எடுத்தால் கட்டணத்தில் பங்கு உண்டா என்பவற்றைக் கேட்க வேண்டும். பணத் தேவைக்காக நொத்தாரிசு வேலைக்குப் போவது பலருடைய வழி. அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ‘பக்க வருமானம்’ என்று அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு மாதமும் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பட்டியலுடன் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணை வழக்குகளுக்கு நடுவே இதைத் தவறவிட்டு நடவடிக்கைக்கு ஆளானால், தொழிலில் எடுத்த பெயர் முழுவதும் கேள்விக்குள்ளாகும்.

பெண்கள் விடயத்தில் தவறுகள் பெரும்பாலும் மூத்தோருடையவை. பெண்கள் சட்டத் தொழிலில் நுழைவதற்கிருந்த தடையை 1933 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நீக்கியது. உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதியரசராக ஷிராணி பண்டாரநாயக்க நியமிக்கப்பட்டது 1996 இல். கதவு திறந்த பிறகும் அந்த ஆசனத்துக்கு வந்து சேர 63 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அவர் 2011 இலும், முர்து பெர்னாண்டோ 2024 டிசம்பரிலும் பிரதம நீதியரசர்களானார்கள். உச்சியில் இருவர் அமர்ந்துவிட்டதைக் காட்டி, கீழே எல்லாம் சரியாகிவிட்டது என்று வாதிடுவது பிழையான முடிவு. சட்டக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். கொலை வழக்கு விசாரணையை முன்னின்று நடத்துபவர்களில் அவர்கள் சிலரே. தாபரிப்புப் பண வழக்குகளும் விவாகரத்தும் ‘பிள்ளைக்கு ஏற்ற’ வேலையென்று இளம் பெண் சட்டத்தரணியிடம் தரப்படுகின்றன. இரவு ஒன்பது மணிவரை நீளும் ஆலோசனைகளுக்கு அவளை அழைக்காமல் விடுவது அக்கறையாகக் கருதப்படுகிறது. அந்த ஆலோசனையில்தான் மறுநாள் வாதம் உருவாகிறது என்பது கவனிக்கப்படுவதில்லை. நேரத்தை மாற்றலாம், கோப்பை முன்னரே அனுப்பலாம். அவளைக் கேட்காமல் அவளுக்காக முடிவெடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். திருமணம் எப்போது என்ற கேள்வியை நேர்முகத்தில் கேட்கும் மூத்தோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வேலை வாய்ப்போடு எந்தத் தொடர்பும் இல்லை.

ஜனாதிபதி சட்டத்தரணி என்ற தகுதி வயதோடு தானாக வரும் என்று காத்திருப்பதும் சரியல்ல. 1984 ஆம் ஆண்டின் எட்டாவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் இடம்பெற்ற அந்த நியமனத்தை ஜனாதிபதியே வழங்குகிறார். தொழிலில் உயர்நிலை அடைந்திருப்பதும் நடத்தையில் உயர் தரத்தைப் பேணியிருப்பதும் அளவுகோல்கள். பரீட்சை இல்லாத இடத்தில், கண்ணில் படுகிறவரே நினைவில் நிற்பார். நீதவான் நீதிமன்றத்தோடு நின்றுவிட்டவர், அங்கே எவ்வளவு பெயர் பெற்றிருந்தாலும், அந்தப் பார்வைக்குள் வருவது கடினம். ஆண்டுக்கு ஒரு மேன்முறையீட்டையாவது முழுமையாகத் தாமே எழுதி நடத்த முயல வேண்டும்.

சட்ட மா அதிபர் திணைக்களத்தையும், சட்டவரைஞர் திணைக்களத்தையும், நீதிச் சேவையையும் தனியார் தொழிலில் தோற்றவர்கள் போகும் இடங்களாகப் பார்ப்பதும் தவறு. குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அங்கே குறைந்தபட்சம் சம்பளமும் பதவி உயர்வுக்கான எழுதப்பட்ட வழியும் உண்டு. தமிழ் அறிந்தவர்களின் தேவையும் அங்கே பெரிது. வயதெல்லையைப் பார்க்காமல் காலம் கடத்திவிட்டு வருந்துவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

சேம்பருக்கு ஜூனியர் தேடும் மூத்தோருக்கு ஒன்று. தெரிந்தவரின் மகன், பழைய பாடசாலையின் தம்பி என்று ஆள் எடுப்பது காலங்காலமாக நடக்கிறது. அந்த வட்டத்துக்குள் வராதவர் கதவைத் தட்டுவதற்கே வழியில்லை. வெற்றிடம் இருப்பதைச் சட்டக் கல்லூரியிலும் பல்கலைக்கழகச் சட்ட பீடங்களிலும் அறிவித்து, வந்தவர்களுக்கு ஒரே கோப்பைக் கொடுத்து ஒரு சமர்ப்பணம் எழுதச் சொன்னால், யாரிடம் சரக்கு இருக்கிறது என்பது அரை நாளில் தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு எந்த ஜூனியர் எத்தனை நகர்த்தல் பத்திரங்களை நீதிபதி முன் எடுத்துரைத்தார், எத்தனை சாட்சிகளை விசாரித்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்: யார் எப்போதும் தவணை கேட்கவே அனுப்பப்படுகிறார் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும், அடுத்த பிணை விண்ணப்பத்தை அவரிடம் கொடுக்கலாம்.