நெட் பேங்கிங் நிபந்தனைகள்: ‘ஒப்புக்கொள்கிறேன்’ அழுத்துவதற்கு முன் எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

நெட் பேங்கிங்கில் எந்தப் புதிய வசதியைத் தொட்டாலும் முதலில் வந்து நிற்பது ஒரு சிறிய கட்டம். அதற்குள் பக்கம் பக்கமாக ஆங்கில வாக்கியங்களும், அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பெட்டியும் இருக்கும். டிக் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. பொறுமையாகப் படிக்க உட்கார்ந்தாலோ, மூன்றாவது பத்தியைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி லாக் அவுட் செய்துவிடுகிறது. படிக்க அவகாசம் தராமல் சம்மதத்தை மட்டும் கேட்பது என்ன முறை என்று, நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் மேற்கு மாம்பலம் கிளையில் கேட்டேன். “எல்லாரும் டிக் போட்டுட்டுப் போயிடறாங்க சார், நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க” என்பதே கிடைத்த பதில்.

அதன்பின் எனக்கென்று ஒரு முறையை அமைத்துக்கொண்டேன். இந்த ஆவணங்களில் பெரும்பகுதி எல்லா வங்கிகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் சட்ட வாசகம். நம் பணத்தைத் தொடும் வரிகள் சில பத்திகளுக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்திகளைக் கண்டுபிடித்துப் படிப்பதும், நாம் ஒப்புக்கொண்ட நாளில் அவை எப்படி இருந்தன என்பதற்கு நகல் வைத்துக்கொள்வதும் போதும். லாகின், ஓடிபி போன்றவை தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

முதல் படி: லாகின் செய்யாமலே ஆவணத்தை எடுப்பது

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்வார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். லாகின் செய்தபின் தோன்றும் கட்டத்துக்குள் படிக்க முயலாதீர்கள். அங்கே நேரக் கெடு உண்டு. சில தளங்களில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கவோ நகலெடுக்கவோ முடியாது. செல்பேசியில் தவறிப்போய்ப் பின்செல்லும் பொத்தானைத் தொட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆவணம் பெரும்பாலும் வங்கியின் பொதுத் தளத்திலேயே, முகப்புப் பக்கத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்து இணைப்புகளுக்கு நடுவே ‘டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். அதைத் திறக்க கடவுச்சொல் தேவையில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைத்திருக்கலாம்.

ஆனால் அந்த இணைப்பைத் திறந்தால் ஒரே ஆவணம் வராது. சேமிப்புக் கணக்குக்கு ஒன்று, நெட் பேங்கிங்குக்கு ஒன்று, மொபைல் செயலிக்கு ஒன்று, டெபிட் கார்டுக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும். உங்கள் திரையில் வந்த கட்டத்தின் முதல் வரியில் உள்ள தலைப்பையும், ஆவணத்தின் முகப்பிலோ அடியிலோ உள்ள பதிப்புத் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரியானதை எடுங்கள். அடுத்து, அந்த ஆவணத்துக்குள் ‘அவ்வப்போது தளத்தில் வெளியிடப்படும் கட்டணப் பட்டியலின்படி’ என்பது போன்ற வரிகள் வரும். அப்படி வந்தால், அந்தப் பட்டியலும் நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தின் பகுதிதான். எவ்வளவு பிடிப்பார்கள் என்ற எண்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன என்பதால், நிபந்தனை ஆவணத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஆகவே கட்டணப் பட்டியலையும் உடனே திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தேதியோடு நகல்

கணினியில் குரோம் உலாவியில் கண்ட்ரோல் விசையுடன் பி விசையை அழுத்தி, அச்சிடும் இடமாக ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே ‘மோர் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து ‘ஹெட்டர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்’ என்பதில் டிக் போட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் இணைய முகவரியும் தானாக அச்சாகும். இந்த ஒரு டிக்கின் மதிப்பு பின்னாளில் தகராறு வரும்போது தெரியும். ஆவணமே பிடிஎஃப் கோப்பாக இருந்தால் தேதி அச்சாகாது. அதைப் பதிவிறக்கி, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிடுங்கள். எந்த நாளில் அந்தக் கோப்பு உங்கள் கையில் இருந்தது என்பதற்கு அந்த மின்னஞ்சலின் தேதியே சான்று.

இணையப் பக்கங்களை அன்றிருந்தபடியே காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் பொதுப் பக்கங்களைச் சேமித்து வைக்கலாம். நகல் நம் கையைவிட்டு மூன்றாம் தரப்பிடம் இருப்பதால் எனக்கு அது பிடிக்கும். லாகின் செய்தபின் தோன்றும் பக்கத்தின் முகவரியை மட்டும் எக்காரணம் கொண்டும் அங்கே ஒட்டக் கூடாது.

மூன்றாம் படி: தேடிப் படிப்பது

கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் தேடும் பெட்டி வரும். செல்பேசியில் உலாவியின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஃபைண்ட் இன் பேஜ்’ இருக்கும். ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பதால் கீழே தமிழில் தந்துள்ள சொற்களை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதலில் ‘அமெண்ட்’. வங்கி தன் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் நிபந்தனைகளை மாற்றலாம், தொடர்ந்து பயன்படுத்தினாலே நீங்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்ற பத்தி இங்கே சிக்கும். மாற்றத்தை எப்படித் தெரிவிப்பார்கள், எத்தனை நாள் முன்னதாகத் தெரிவிப்பார்கள் என்று பாருங்கள். ‘தளத்தில் வெளியிட்டாலே போதுமானது’ என்றிருந்தால், நீங்கள்தான் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

அடுத்து ‘லயபிள்’, ‘லயபிலிட்டி’. இரண்டுக்கும் பொதுவான முதல் நான்கு எழுத்துகளை மட்டும் தட்டினால் இரண்டும் வந்துவிடும். உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணத்தை எடுத்துவிட்டால் நட்டம் யாருடையது என்பது இந்தப் பத்திகளில் இருக்கிறது. படித்தால், எல்லாப் பொறுப்பும் வாடிக்கையாளருடையது என்பது போலத் தோன்றும். அங்கே கலங்கிவிடாமல், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வங்கியின் கவனக்குறைவால் மோசடி நடந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்கிறது அந்தச் சுற்றறிக்கை. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, பணம் போனது பற்றி வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தாலும் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு நம் பொறுப்பு அதிகபட்சம் ₹10,000. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ₹5,000. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். புகார் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்பவையும் அதில் உள்ளன. ஓடிபியை நாமே யாரிடமாவது சொல்லிவிட்டால் கதை வேறு: புகார் செய்யும் வரை ஏற்பட்ட நட்டம் முழுவதும் நம் தலையில்தான், புகாருக்குப் பின் நடப்பது மட்டுமே வங்கியுடையது. ரிசர்வ் வங்கி தன் சுற்றறிக்கைகளை அவ்வப்போது திரட்டிப் புதுப்பிப்பதால், நடப்பு வடிவத்தை அதன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நாள் கணக்கு, நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளையின் வேலை நாட்களைப் பொறுத்தது. தகவல் வந்த நாள் அதில் சேராது. ஆகவே பொங்கலுக்கு முதல் நாள் மாலை எஸ்எம்எஸ் வந்தால், தொடர் விடுமுறை முடிந்து கிளை திறந்தபின்தான் சென்னைக்காரருக்கு எண்ணிக்கை தொடங்கும். அதற்காக விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கும் அன்றிரவே சொல்லிவிட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ‘செட் ஆஃப்’. அதே வங்கியில் உங்களுக்குக் கிரெடிட் கார்டு பாக்கியோ கடனோ இருந்தால், சேமிப்புக் கணக்கிலிருந்து அதை ஈடுசெய்துகொள்ளும் உரிமை இது. தேடலில் இதற்கென்று ஒரு தொல்லை உண்டு. ஒரே ஆவணத்திலேயே இச்சொல்லை இடைவெளி விட்டும், நடுவில் கோடு போட்டும், சேர்த்தும் எழுதியிருப்பார்கள். தேடும் பெட்டியோ தட்டிய வடிவத்தை மட்டுமே காட்டும். ஆகவே ‘ஆஃப்’ என்பதன் மூன்று எழுத்துகளை மட்டும் தட்டித் தேடுங்கள். ‘ஆஃபீஸ்’, ‘ஆஃபர்’ எல்லாம் கூடவே வந்து நிற்கும். அவற்றைத் தள்ளிவிட்டுப் போனால் வேண்டிய பத்தி கிடைத்துவிடும். கிடைத்ததும், கூட்டுக் கணக்குகளுக்கும் இது பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நங்கநல்லூரில் ஓய்வூதியம் வாங்கும் அப்பாவின் கணக்கில் மகன் பெயரும் சேர்ந்திருக்கும் குடும்பங்களுக்கு, இருப்பதிலேயே முக்கியமான வரி அதுதான்.

‘ஷேர்’, ‘கன்சென்ட்’ என்று தேடினால் உங்கள் விவரங்களைக் குழும நிறுவனங்களுக்கும் விளம்பரத்துக்கும் கொடுப்பது பற்றிய பத்திகள் வரும். ‘ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்று தேடினால், வழக்கென்றால் மும்பை நீதிமன்றங்களில் மட்டுமே என்ற வரி பல தனியார் வங்கிகளின் ஆவணங்களில் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு, மும்பைக்கு ரயில் ஏற வேண்டுமோ என்று மனம் தளர வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கட்டணப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச இருப்பு. அபராதம் எவ்வளவு பற்றாக்குறையோ அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும், இந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்பவை 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதல் சேமிப்புக் கணக்குகளில் இந்த அபராதத்தையே எடுத்துவிட்டது. இப்படிப்பட்ட மாற்றங்கள் நடப்புப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். எப்போதோ சேமித்த கோப்பை நம்பக் கூடாது.

நான்காம் படி: பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பது

‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கு மேலும் கீழும் வேறு பெட்டிகள் ஒளிந்திருக்கலாம்: விளம்பர அழைப்புகளுக்குச் சம்மதம், காப்பீட்டில் விருப்பம் போன்றவை. அவற்றில் முன்கூட்டியே டிக் போடப்பட்டிருந்தால் எடுத்துவிட்டு, அடுத்த பக்கம் வருகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையென்றால் அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளாக 13 வகைகளைப் பட்டியலிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டுள்ளது. கேட்காத பொருளைச் சேர்த்துவிடுவதும், தேவையில்லாத ஒன்றைக் கட்டாயமாக்குவதும் அவற்றில் அடங்கும்.

ஐந்தாம் படி: எழுத்தில் கேட்பது

புரியாத பத்தி இருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிட்டு, வங்கிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். கவுன்ட்டரில் வாய்மொழியாகக் கிடைக்கும் விளக்கம் நாளைக்குச் செல்லாது. தமிழில் படிவம் வேண்டுமென்றாலும் தயங்காமல் கேட்கலாம். கணக்குத் தொடங்கும் படிவம், பாஸ்புக் போன்ற அச்சிட்டவற்றை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என மும்மொழியிலும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். (மும்மொழி என்றாலே நம் ஊரில் வேறு பேச்சு தொடங்கிவிடும், இங்கே அது நமக்குச் சாதகமானது.)

வங்கி புகாரை நிராகரித்தாலோ, 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் இல்லை. சென்னை ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் வந்தபின் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தாளில் எழுதினால் அது சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். 14448 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். இரண்டாம் படியில் எடுத்த நகலை இங்கே இணையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், வங்கிச் செயலிக்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்புத் திரைதான் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அது கோளாறு இல்லை. பாதுகாப்புக்காகச் செயலியே தடுக்கிறது. அதே கட்டத்தைக் கணினியில் உலாவி வழியாகத் திறந்து பாருங்கள், அல்லது இன்னொரு செல்பேசியால் திரையைப் படமெடுங்கள். கணக்கு எண் தெரியும்படி எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

எந்தச் சொல்லைத் தேடினாலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அது ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்பாக இருக்கும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படம் எழுத்தாக மாறும்; அதன்பின் தேடலாம். ஏஐ செயலியிடம் சுருக்கம் கேட்பவர்கள், பொதுத் தளத்தில் உள்ள நிபந்தனை ஆவணத்தை மட்டும் கொடுங்கள், வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கொடுக்காதீர்கள். பத்தி எண்ணோடு பதில் கேட்டு, அந்தப் பத்தியை மூலத்தில் திறந்து பாருங்கள். ‘பொறுப்பாகாது, ஆனால்’ என்று நீளும் வாக்கியங்களில் அந்த ‘ஆனால்’ சுருக்கத்தில் காணாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட எது நல்லது என்ற கேள்விக்கு: இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ‘கம்பேர் டாக்குமென்ட்’ வசதி உள்ளது, எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்துகளை நகலெடுத்து ஒட்டிவிட்டு ஒப்பிடுங்கள். மாறிய வரிகள் மட்டும் நிறம் மாறி நிற்கும்.

கடன் வாங்குவோருக்கு மட்டும் ஒரு வசதி கூடுதலாக உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை, வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் காலத்தில் வசூலிக்க முடியாது. வீட்டுக் கடனோ தனிநபர் கடனோ, முதலில் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதைப் படித்தபின் நீண்ட ஆவணத்துக்கு வந்தால், மூன்றாம் படியில் தேட வேண்டிய சொற்கள் பாதியாகக் குறைந்துவிடும்.