பூநகரிக்கு ஒரு நாள் போறதெண்டால்

யாழ்ப்பாணத்திலயிருந்து வாறாக்கள் நாவற்குழியால திரும்பி ஏ32 றோட்டைப் பிடியுங்கோ. கேரதீவு தாண்டினால் சங்குப்பிட்டிப் பாலம், 288 மீற்றர். 2011இல்தான் திறந்தது. முந்தி அம்மம்மா ஆக்கள் பாதையில, அதுதான் ஆக்களை ஏத்திற மிதவையில, ஏறித்தான் கடந்தவை. காத்தடிச்சால் பாதை அசையாது, கரையில குந்தியிருக்க வேண்டியதுதானாம்.

பூநகரிக் கோட்டைக்குக் காலமை வெள்ளனப் போங்கோ, பத்து மணிக்குப் பிறகு வெயில் கொல்லும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பிச்சது. 1805இல் வெள்ளைக்காரன் உள்ளுக்க ஒரு தங்குமடமும் கட்டினவன். சுவருக்குக் கிட்டப் போய்க் கையால தடவிப் பாருங்கோ: முருகைக்கல்லுக்குள்ள (பவளப்பாறைக் கல்லு) சிப்பி அப்பிடியே பதிஞ்சு கிடக்கும். ஏறி மட்டும் நிக்காதேங்கோ, கல்லுகள் கழண்டுபோய்க் கிடக்கு.

மண்ணித்தலைச் சிவன் கோயிலுக்குக் கார் வேண்டாம். நான் ஒருக்கா மணலுக்க புதைச்சு, மீன்பிடிக்கிற பெடியள்தான் தள்ளிவிட்டவங்கள். மோட்டச்சைக்கிள் எண்டாலும் ரயர்க் காத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ.

தண்ணி கட்டாயம் கொண்டு வாங்கோ, இஞ்ச கன கிணறு உவர். சாமான் வாங்க, பிளேன்ரீ குடிக்க வாடியடிச் சந்தி காணும். திரும்பேக்க மொட்டைக்கருப்பன் அரிசி ரெண்டு கிலோ விசாரிச்சு வாங்குங்கோ. அந்தச் சிவப்பரிசிமாப் புட்டுக்குக் கறியே தேவையில்லை.