ஜாக்கெட் ஒழுகவில்லை, நீங்கள் துவைக்கவில்லை

போன மழைக்காலத்தில் ஒரு பாறைக் குடைவுக்குள் ஒண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பையன் தன் ஷெல் ஜாக்கெட்டை, அதாவது மழைக்காக எல்லாவற்றுக்கும் மேல் போடும் ஜாக்கெட்டைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "அக்கா, பாருங்க, ஒழுகுது. வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆச்சு. ஏமாத்திட்டாங்க." உள்ளே தோள் முழுக்க ஈரம். வெளித்துணி நிறம் கறுத்து, நனைந்த கோணிபோல் கனத்துத் தொங்கியது.

"எத்தனை தடவை துவைச்சே?" என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தான். "இதைப் போய் துவைப்பாங்களாக்கா?"

பல வருடங்களுக்கு முன்பு நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கடுப்பில்தான், மலையேறுபவர்கள் மழை ஜாக்கெட்டில் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். காட்டன் பனியனுக்கு மேல் ஷெல்லைப் போடுவது, ஜாக்கெட்டைப் பைக்கு அடியில் புதைத்துவிட்டு மழையில் தேடுவது எல்லாம் ஒருமுறை நனைந்தால் தானாகவே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## லேபிளில் உள்ள எண்ணை நம்பி வாங்குவது

20,000 என்று போட்டிருக்கும். அந்தத் துணிக்கு மேல் 20,000 மில்லிமீட்டர், அதாவது 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு அழுத்தம் வருமோ அதுவரை தாங்கும் என்று பொருள். மழைத்துளிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. பைவார் அழுத்தும் தோளிலும், ஈரத்தரையில் உட்காரும் இடத்திலும்தான் இந்த எண்ணுக்கு வேலை.

ஆவியை எவ்வளவு வெளியே விடும் என்பதற்கு இன்னொரு எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி போகிறது என்ற கணக்கு. இதை அளக்கப் பல முறைகள் உண்டு. ஒரே துணி ஒரு முறையில் ஓர் எண்ணும், வேறு முறையில் அதைவிடப் பெரிய எண்ணும் காட்டும். எந்த முறையில் அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு கம்பெனிகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ரெட் (RET) என்ற அளவு கொடுத்திருந்தால் அது தலைகீழ், துணி ஆவியை எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய நல்லது.

இன்னொன்றும் உண்டு. உள்ளே சூடும் ஈரமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியே போகும். வெதுவெதுப்பான மழையில் அந்த வித்தியாசமே இருக்காது. சுமையோடு செங்குத்தாக ஏறும் உடம்பு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வையைக் கூட விடும். ஜாக்கெட் துணிக்குள் இருக்கும் எந்தச் சவ்வும் அதை வெளியேற்றாது. அக்குள் ஜிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே அதைத் திறந்துவிடுங்கள். உடம்பு வேர்த்த பிறகு திறப்பவர்கள்தான் அதிகம்.

## துவைத்தால் போய்விடும் என்ற பயம்

வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றையும் ஒட்டிய என் முதல் மூன்றடுக்கு ஜாக்கெட்டை நான்கு வருடம் துவைக்கவே இல்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என்னை முதன்முதலில் மலைக்குக் கூட்டிப்போனவர், "சோப்பு பட்டா போச்சு" என்று சொல்லியிருந்தார். அவருக்கு யார் சொன்னார்களோ. நான்காம் வருடக் கடைசியில் கழுத்துப்பட்டியின் உள்ளே, தையல் துளை வழியாகத் தண்ணீர் வராமல் ஒட்டியிருக்கும் டேப் ஓரம் தூக்கியது. அடுத்த பயணத்தில் தோள் பகுதியில் துணிக்கும் சவ்வுக்கும் நடுவே அப்பளம் பொரிந்ததுபோல் குமிழ் குமிழாக எழும்பியது. நகத்தால் தடவினால் உள்பக்கம் செதில் செதிலாக உதிர்ந்தது. கோபத்தோடு திருப்பி அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: உடல் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து அடுக்குகள் பிரிந்துவிட்டன, எங்கள் குறை அல்ல. பொய் சொல்கிறார்கள் என்றே ரொம்ப நாள் நம்பினேன்.

பொய் இல்லை. ஷெல்லில் தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு. 1969-இல் பாப் கோர், பிடிஎஃப்இ என்ற பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுந்துபோகாமல் நுண்துளைகளோடு நீண்டது. அதுதான் கோர்-டெக்ஸின் தொடக்கம். 1976-இல் அந்தச் சவ்வு வைத்த ஆடைகள் விற்பனைக்கு வந்தன. கொஞ்ச நாளிலேயே சிக்கலும் வந்தது. தோலின் எண்ணெயும் வியர்வையும் துளைகளுக்குள் ஏற, உள்ளே தண்ணீர் கசிந்தது. அதனால்தான் சவ்வின் உள்பக்கம் பாலியூரிதேன் பூசத் தொடங்கினார்கள். முதல் தலைமுறை ஜாக்கெட்டைக் கெடுத்த அதே எண்ணெய்தான் கழுத்திலும் மணிக்கட்டிலும் சன்ஸ்கிரீனோடு சேர்ந்து இன்றும் டேப்பின் பசையைத் தின்றுகொண்டிருக்கிறது.

அந்தப் பையனின் ஜாக்கெட்டுக்கு வந்தது இதைவிடச் சின்ன நோய். வெளித்துணியின் மேல் தனியாக ஒரு நீர்விலக்குப் பூச்சு இருக்கும். அது நன்றாக இருக்கும்வரை மழை, சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போல் உருண்டு ஓடும். அழுக்கும் புகையும் எண்ணெயும் படியப் படிய பூச்சு செயலிழந்து, துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். சவ்வு அப்போதும் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. ஆனால் வெளியே ஈரத்துணி போர்த்தியதுபோல் ஆகிவிடுவதால் உங்கள் ஆவி வெளியே போக வழியில்லை. துணியும் சில்லிட்டுப்போகும். குளிர்ந்த சுவரில் மூச்சுபட்டதுபோல் உள்பக்கம் உங்கள் வியர்வையே துளியாகும். பைவார் உரசும் தோளில்தான் பூச்சு முதலில் தேயும். அதனால் ஈரமும் அங்கேதான் முதலில் தெரியும். "தோள்ல ஒழுகுது" என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வது இதனால்தான்.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி, சந்தேகமான இடத்தை ஒரு கிண்ணத்தின் வாயில் குழிவாகப் பரப்பி அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் ஒரு காகிதத் துண்டு. கால் மணி நேரம் கழித்துக் காகிதம் காய்ந்தே இருந்தால் ஜாக்கெட்டில் குற்றமில்லை. பையனின் ஜாக்கெட்டில் காகிதம் காய்ந்துதான் இருந்தது.

துவைப்பது இப்படி. முதலில் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். என் பேச்சைவிட அது முக்கியம். பொதுவாக 40 டிகிரி வெந்நீருக்கு மேல் போக வேண்டாம். ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடுங்கள். இதற்கென்று விற்கும் திரவ சோப் நல்லது. இல்லாவிட்டால் வாசனையும் சாயமும் இல்லாத திரவ சோப்பைக் கொஞ்சமாக. இரண்டு தடவை அலசுங்கள். மெஷினில் போடுவதானால் சோப்புத் தட்டை முதலில் கழுவுங்கள். பழைய ஃபேப்ரிக் கண்டிஷனர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு மூடி போதும், பூச்சு தண்ணீரை விலக்காமல் இழுக்கத் தொடங்கிவிடும். பிளீச் கூடவே கூடாது. "துவைத்தால் போச்சு" என்ற கதை இப்படிக் கண்டிஷனர் ஊற்றித் துவைத்த யாரோ ஒருவரிடமிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

துவைத்துக் காயப்போட்டதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். பூச்சு மறுபடி எழுந்து நிற்கச் சூடு வேண்டும். காய்ந்த ஜாக்கெட்டை டிரையரில் மிதமான சூட்டில் இருபது நிமிடம் விடுங்கள். டிரையர் இல்லையென்றால் மேலே ஒரு துணியைப் போட்டு, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டால் சரி. உருளாமல் இழுத்துக்கொண்டால் மட்டும் பூச்சு வாங்கி அடிக்க வேண்டும். துவைக்கும்போது தண்ணீரில் கலக்கும் வகை உள்பக்கத்திலும் ஒட்டும். அதனால் வெளியே தெளிக்கும் ஸ்பிரேதான் எனக்குப் பிடிக்கும்.

புதிதாக வாங்குபவர்கள் இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். ஃப்ளூரின் சேர்ந்த பழைய பூச்சுகள் தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கின. அவற்றில் இருக்கும் பிஃபாஸ் (PFAS) என்ற ஃப்ளூரின் ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குவதால் அவை போய்க்கொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியிலிருந்து அவை கலந்த துணிகளைத் தடை செய்தது. கடும் மழைக்கான ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் கொடுத்தது. கோர்-டெக்ஸும் 2022-இல் இவை இல்லாத புதிய சவ்வைக் கொண்டுவந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் புதுப் பூச்சுகள் தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. நான் இப்போது பத்துப் பன்னிரண்டு நாள் உழைத்த ஜாக்கெட்டைத் துவைத்துவிடுகிறேன். கழுத்துப்பட்டி பிசுக்கென்று இருந்தால் அதற்கும் முன்பே.

## பாறைக்கு லேசான ஜாக்கெட்

டீனியர் என்பது நூலின் தடிமனைச் சொல்லும் அளவு. 20 டீனியர் ஷெல்லை மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். நடைப்பயணத்துக்கு அருமை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிளவுக்குள் முதுகையும் முழங்கையையும் அழுத்தி ஏறிய நண்பர், மேலே வரும்போது இரண்டு முழங்கையிலும் சல்லடை. பாறையே வேலை என்றால் தோளிலும் கையிலும் 40 டீனியருக்குக் குறையாத துணி வேண்டும். எடையைத் திட்டிக்கொண்டே சுமங்கள்.

## ஹெல்மெட் இல்லாமல் போட்டுப் பார்ப்பது

கடையில் வெறுந்தலையில் ஹூட் அழகாக இருக்கும். ஹெல்மெட்டுக்கு மேல் இழுத்ததும் ஜிப் தாடையை அறுக்கும், அண்ணாந்து அடுத்த பிடியைப் பார்க்க முடியாது. ஹெல்மெட்டையும், கயிற்றைக் கட்ட இடுப்பில் மாட்டும் ஹார்னெஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு ஹார்னெஸிலிருந்து உருவிக்கொண்டு வந்தால் அது உங்களுக்கான வெட்டு அல்ல. பாக்கெட்டும் இடுப்புப் பெல்ட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

நடுவழியில் ஹார்னெஸுக்கு மேல் ஷெல்லைப் போட நேர்ந்தால் ஒரு விஷயம். கீழ்விளிம்பின் இழுகயிறு தொங்கிக்கொண்டு, ஏறுபவரின் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பெலே கருவிக்குள் போய்ச் சிக்கும். பார்த்திருக்கிறேன். உள்ளே செருகுங்கள், ஹார்னெஸில் கயிறு கட்டிய முடிச்சு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

## மணிக்கட்டு

கை மேலே போனால் தண்ணீர் முழங்கை வரை வரும். வெல்க்ரோவை இறுக்குங்கள்.

## ஜிப்

பளபளவென்று பூச்சு போட்ட ஜிப்பும் நீண்ட மழையில் கசியும். மார்புப் பாக்கெட்டில் போனை வைக்காதீர்கள்.

## தீப்பொறி

பட்டால் ஓட்டை.

## ஓட்டை விழுந்ததும் ஓய்வு கொடுப்பது

சின்னக் கிழிசலுக்காக ஜாக்கெட்டை ஒதுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒட்டுப்போடும் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். உள்பக்கமும் ஒன்று ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். துவைக்காத துணியில் எந்த டேப்பும் பிடிக்காது.

பையன் இரண்டு வாரம் கழித்து ஒரு வீடியோ அனுப்பினான். குளியலறையில் ஜாக்கெட்டின் தோளில் சொம்புத் தண்ணீரை ஊற்றுகிறான். முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. பின்னால் அவன் அம்மாவின் குரல்: "தண்ணிய வீணாக்காதடா."