பழைய அமெரிக்கத் தங்கக் காசு வாங்கறப்போ பண்ற தப்புங்க, முக்கியமா அந்த பளபளப்பு

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸப்புல போட்டோ அனுப்பிருந்தார். 1806 ஹாஃப் ஈகிள், அதாவது 5 டாலர் தங்கக் காசு, ஸ்லாப்ல (கிரேடிங் கம்பெனி தரம் பாத்து சீல் வச்சுத் தர்ற பிளாஸ்டிக் பெட்டி) போடாத வெறும் காசு. "அண்ணா எப்டி மின்னுது பாருங்க, ரேட்டும் கம்மியா சொல்றார், எடுத்துரவா?" படிச்ச உடனே எனக்கு வயித்த கலக்கிருச்சு, ஏன்னா 2014-ல இதே வருஷக் காசத்தான் இதே மாதிரி சந்தோஷமா வாங்கி நான் கைய சுட்டுக்கிட்டேன். அந்தக் கடுப்புல உக்காந்து எழுதறேன்.

பூந்திக்கொட்டை தண்ணில ஊறப்போட்டு பிரஷ்ஷால தேய்க்காதீங்க, ரோட்டோரமா வாங்காதீங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது சின்னப் பிள்ளைக்கே தெரியும். பேசறது 1795-ல இருந்து 1834 நடு வரைக்கும் பிலடெல்பியா மின்ட்ல, அதாவது அரசாங்க நாணயச்சாலைல, அடிச்ச காசுங்கள பத்தி மட்டும்.

மின்னுதுன்னு வாங்கறது

மின்னுறதெல்லாம் பொன் இல்லன்னு சொல்லுவாங்கல்ல, இங்க பொன்னு அசல்தான், மின்னுறதுதான் போலி.

ஒரு ஹாஃப் ஈகிள் 8.75 கிராம், 22 கேரட். நம்ம கணக்குல ஒரு பவுனு, மேல முக்கா கிராம். இவ்ளோ தங்கம் கைல இருந்தா மனுஷன் சும்மா பெட்டில வச்சிருப்பானா? நம்மூர்ல காசுமாலை கோத்த மாதிரி, அங்கயும் வாட்ச் செயின்ல தொங்க விட்டாங்க, புரோச்சுல பதிச்சாங்க, வளையம் பத்தவச்சு கழுத்துல போட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு அதே காசுக்கு ஆயிரக்கணக்குல ரேட் வந்ததும் ஒருத்தர் வளையத்த கழட்டி, பத்தவச்ச எடத்த ராவி, ஓட்டை இருந்தா அடைச்சு, மெருகு போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்பிடறார்.

நான் வாங்கினது அப்டி ஒண்ணுதான். பென்சில்வேனியால ஒரு காயின் ஷோ, மூலைல ஒரு டேபிள், பெரியவர் ரொம்ப தன்மையா பேசினார், காபி கூட வாங்கித் தந்தார். கைல தராசு வச்சிருந்தேன், எடை சரியா இருந்துச்சு, எடை சரின்னா காசு சரின்னு நானே முடிவு பண்ணிட்டேன், அங்கதான் கோட்டை விட்டேன், ஏன்னா எடை தங்கம் எவ்ளோன்னு சொல்லும், அந்தத் தங்கம் என்ன பாடு பட்டுச்சுன்னு சொல்லாது. 6,800 டாலர். தரத்துக்கு நம்பர் போட்டுத் தர்ற கிரேடிங்குக்கு அனுப்பி ஒன்றரை மாசம் கழிச்சு வந்துச்சு, நம்பரே இல்ல, "டீட்டெய்ல்ஸ், ரிப்பேர் பண்ணது"ன்னு ஒத்த வரி. ரெண்டு வருஷம் வச்சிருந்து 3,700-க்கு தள்ளி விட்டேன். வீட்ல இன்னைக்கும் இதச் சொல்லிக் காட்டுவாங்க, அது தனிக் கதை.

இப்ப நான் எப்டி பாக்கறேன்னா, மொதல்ல முகத்த பாக்கறதே இல்ல, விளிம்பத்தான் பாக்கறேன். பிளாஸ்டிக் கவர்ல இருந்தா வெளிய எடுக்கச் சொல்லுங்க, மாட்டேன்னா கெளம்பிருங்க. விளிம்பு முழுக்க வரி வரியா வெட்டு இருக்கணும், ரீடிங்னு (reeding) சொல்லுவாங்க. சுத்திக்கிட்டே வாங்க, 12 மணி எடத்துல வரி மழுங்கி இருக்கா, ரெண்டு மூணு வரி ஒண்ணா ஒட்டிருக்கா, அங்க மட்டும் நிறம் லேசா மாறுதா? என்னோடதுல அங்க ஒரு நெல்லு மணி அளவுக்கு வழவழன்னு இருந்துச்சு, ஷோலயே கண்ணுல பட்டுச்சு, தேய்மானம்னு நெனச்சுக்கிட்டேன். தேய்மானம் ஒரே எடத்துல மட்டும் வருமா?

அப்புறம்தான் முகம். ஒரே ஒரு விளக்கு வெளிச்சத்துல காச சாய்ச்சு சாய்ச்சு பாருங்க. அச்சுல அடிச்சப்போ வந்த ஒளின்னா சக்கரம் மாதிரி சுத்தும், எழுத்தோட இடுக்குல, நட்சத்திரத்த சுத்தி கொஞ்சம் தங்கி நிக்கும். மெருகு போட்டதுன்னா எப்டி திருப்பினாலும் கண்ணாடித் துண்டு மாதிரி ஒரே பளிச்சு, லென்ஸ்ல பாத்தா மயிரிழை மாதிரி கீறல் தாறுமாறா ஓடும். இருநூறு வருஷம் கைமாறின காசு கொஞ்சம் மங்கி, தேன் கலர்ல, சோம்பேறித்தனமாத்தான் இருக்கும். எனக்கு இப்பல்லாம் அதத்தான் புடிக்குது.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, இந்த மெருகுக்கு பயப்படாத அதே ஆளு, பயமே தேவையில்லாத ஒண்ணப் பாத்து ஓடுவாரு. அதுதான் அடுத்தது.

அரம் போட்ட கோட்ட பாத்து ஓடறது

அந்தக் காலத்துல மின்ட்ல அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தங்க வில்லையையும் நிறுத்துப் பாப்பாங்க. எடை கொறஞ்சா உருக்கிடுவாங்க, கூட இருந்தா அரத்தால ராவி சரி பண்ணிட்டு அப்புறம் அடிப்பாங்க. அந்தக் கோடு சில காசுல இன்னும் தெரியும். அடிக்கறதுக்கு முன்னாடியே விழுந்த கோடுங்கறதால அச்சு நல்லா அழுத்தின எடத்துல மறைஞ்சு போயிருக்கும், அழுத்தம் பத்தாத நடு மேட்டுலயும் விளிம்போரத்துலயும் நிக்கும். அப்புறமா எவனோ போட்ட கீறல்னா மேடு பள்ளம் பாக்காம எல்லாத்தயும் வெட்டிக்கிட்டுப் போகும். நடு முகத்துல ரொம்ப ஆழமா இருந்தா ரேட் கொறையும், வாஸ்தவம்தான், ஆனா அது காசோட பிறவி மச்சம், காயம் இல்ல.

மதிப்பு போடலன்னு போலின்னு நெனைக்கறது

1807 நடுவுல மின்ட்ல அச்சு செதுக்கின ஜான் ரைக்கோட டிசைன் வர்ற வரைக்கும் ஹாஃப் ஈகிள்ல "5 டி"ன்னு, அதாவது 5 டாலர்னு, கெடையாது.

அச்சடிச்ச எண்ணிக்கைய நம்பறது

1822 ஹாஃப் ஈகிள் 17,796 அடிச்சதா மின்ட் கணக்கு சொல்லுது. 1808 குவார்ட்டர் ஈகிள், அதாவது ரெண்டரை டாலர் காசு, வெறும் 2,710. எது அபூர்வம்? புதுசா வர்றவங்க யோசிக்காம 1808-ன்னு சொல்லுவாங்க. அதுவும் லேசுல கெடைக்காதுதான், ஆனா அப்பப்போ ஏலத்துக்கு வரும். 1822-ல இன்னைக்கு மூணே மூணுதான் தெரிய வந்திருக்கு, அதுல ரெண்டு ஸ்மித்சோனியன் மியூசியத்துல, மிச்சம் ஒண்ணு 2021-ல 84 லட்சம் டாலருக்குப் போச்சு.

காரணம் சட்டத்துலயே இருக்கு. 1792 சட்டப்படி ஒரு பங்கு தங்கம் பதினஞ்சு பங்கு வெள்ளிக்கு சமம், ஐரோப்பால அதே தங்கத்துக்கு பதினஞ்சரை பங்கு, சில சமயம் அதுக்கும் மேல. ஏவாரிங்க சும்மா இருப்பாங்களா, காச மூட்ட மூட்டயா கப்பல்ல ஏத்தி அங்க கொண்டு போய் உருக்கிட்டாங்க. 10 டாலர் ஈகிள 1804-லயே நிறுத்த வேண்டியதாச்சு, 1838-லதான் மறுபடி வந்துச்சு. 1834-ல எடைய கொறச்ச பிறகுதான் தங்கம் நாட்டுக்குள்ள தங்குச்சு. அதனால எவ்ளோ அடிச்சாங்கன்னு கேக்காதீங்க, எவ்ளோ பொழச்சுதுன்னு கேளுங்க. வருஷவாரியா சேக்கறேன்னு நோட்டு போட்டு ஆரம்பிக்கறவங்களும் இந்த 1822-லயே முட்டி நின்னுருவாங்க. டிசைனுக்கு ஒண்ணு, அவ்ளோதான் நம்ம மாதிரி சம்பளக்காரனுக்கு.

ஸ்லாப்ல இருக்குன்னு கண்ண மூடி வாங்கறது

ஸ்லாபயே போலியா செய்யறாங்க. கிரேடிங் கம்பெனி பிசிஜிஎஸ்ஸோ என்ஜிசியோ, அவங்க சைட்டுல ஸ்லாப் நம்பரப் போட்டு வர்ற போட்டோவயும் கைல இருக்கற காசையும் கோடு கோடா ஒப்பிட்டுப் பாருங்க.

தாத்தாவோட பிராஷர் டப்ளூன்

பிராஷர் டப்ளூன்ங்கறது 1787-ல நியூயார்க் பொற்கொல்லர் பிராஷர் அடிச்ச ரொம்ப அபூர்வமான தங்கக் காசு. உங்க தாத்தா பெட்டில இருக்கறது பரிசுக் கடைல வித்த நகல். போட்டோ அனுப்பாதீங்க.

இன்ஷூரன்ஸ்

அமெரிக்கால சாதாரண ஹோம் பாலிசில காசுக்குன்னு பெரும்பாலும் 200 டாலர்தான் லிமிட், தனியா எடுங்க.