கன்ட்ரோலர் வாங்க போறீங்களா, மொதல்ல ஸ்டிக்க பாருங்க

என் பழைய கேம் கன்ட்ரோலர் வாங்கி நாலே மாசம், ஃபுட்பால் கேம் ஆடிட்டு இருக்கும்போது நான் ஸ்டிக்க (கட்டைவிரலால தள்ளற அந்த குட்டி குச்சி) தொடாமலே பிளேயர் எடது பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டான், அன்னைக்குதான் டிரிஃப்ட்னா என்னன்னு தெரிஞ்சுது. அதனால சொல்றேன், கலர் கலரா எரியற ஆர்ஜிபி லைட்ட பாத்து மயங்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி எதுல ஆட போறோம்னு முடிவு பண்ணிக்கோங்க. பிசி கிட்டத்தட்ட எதையும் ஏத்துக்கும், கன்சோல் அப்படி இல்ல. எக்ஸ்பாக்ஸ்னா லைசன்ஸ் வாங்கின மாடலா இருக்கணும், லைசன்ஸ் இல்லாதத 2023 நவம்பர்ல இருந்து மைக்ரோசாஃப்ட் பிளாக் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. பிஎஸ்5ல பழைய பிஎஸ்4 கன்ட்ரோலர சொருகினா பிஎஸ்4 கேம் மட்டும்தான் ஆடலாம்.

இப்ப ஸ்டிக். சாதா ஸ்டிக்குக்குள்ள, அது எவ்ளோ சாயுதுன்னு அளக்க பொட்டென்ஷியோமீட்டர்னு ஒரு பார்ட் இருக்கும், உள்ள ஒண்ணோட ஒண்ணு உரசிட்டே இருக்கறதால தேயும், தேஞ்சா டிரிஃப்ட். ஹால் எஃபெக்ட்னு ஒரு வகை ஸ்டிக்ல காந்தம் வெச்சு அளக்கறாங்க, உரசலே கிடையாது, டிஎம்ஆர்னு இன்னொரு வகை, அதுவும் காந்தம்தான், ஹால விட கரண்ட் கம்மியா இழுக்கும். இதுல காமெடி என்னன்னா 1998லயே சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலர்ல ஹால் சென்சார் இருந்துச்சு, ஆனா எக்ஸ்பாக்ஸோட எலைட் சீரிஸ் 2, பிஎஸ்5ஓட டூயல்சென்ஸ் எட்ஜ் மாதிரி காஸ்ட்லி கன்ட்ரோலர்ல இன்னும் பொட்டென்ஷியோமீட்டர்தான். எட்ஜ்ல ஒரு நல்லது, ஸ்டிக் மாட்யூல சால்டரிங் இல்லாம கழட்டி மாத்திக்கலாம். கம்மி விலைல பிசி, எக்ஸ்பாக்ஸ் ரெண்டுக்கும் வேணும்னா கேம்சர் ஜி7 எஸ்இ பாருங்க, ஹால் ஸ்டிக், பின்னாடி ரெண்டு பட்டன், முன் பிளேட்ட கழட்டி பெயின்ட் கூட அடிச்சுக்கலாம், வயர் மட்டும்தான், எனக்கு அது பிரச்சனையா தெரியல.

கஸ்டமைஸ்னு சொன்னா எனக்கு பின்னாடி இருக்கற பட்டன்தான் முக்கியம், ஜம்ப்ப அதுல போட்டுட்டா கட்டைவிரல் ஸ்டிக்க விட்டு நகரவே வேணாம். இந்த பட்டன் செட்டிங் கன்ட்ரோலருக்குள்ளயே சேவ் ஆகுதான்னு கேளுங்க, பிசி ஆப்ல மட்டும் இருந்தா கன்சோல்ல மாட்டும்போது அந்த செட்டிங் கூடவே வராது.

பேட்டரி விஷயத்துல, டபுள் ஏ செல் போடற சாதா எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர நெறைய பேர் கிண்டல் பண்றாங்க, ஆனா செல் செத்தா மாத்திட்டு போயிட்டே இருக்கலாம்.

கன்ட்ரோலர் வந்தவுடனே, ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள, அத பிசில மாட்டி விண்டோஸ்ல ரன் பாக்ஸ திறந்து ஜாய்.சிபிஎல் அடிங்க (இங்கிலீஷ்லதான், joy.cpl), ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டிக்க தொடாம விட்டுட்டு அந்த பிளஸ் குறி நடுவுல நிக்குதான்னு பாருங்க. ஒரு ஓரமா போய் நின்னா அன்னைக்கே திருப்பி அனுப்பிடுங்க.